வெள்ளவத்தை வீட்டுக் குசினிக்கு மரத்தரை: எந்த மரம், எந்த இடத்தில், எந்த முறையில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள பழைய வீடு. தரைத்தளத்தில் 11 அடிக்கு 13 அடி அளவில் குசினி. அதை ஒட்டினாற்போல் இரவில் மட்டும் குளிரூட்டி ஓடும் சாப்பாட்டறை. இப்போது இருப்பது மெருகு மங்கிய மொசைக் தரை. முழங்கால் வலியுள்ள உங்கள் அம்மா நாளில் நான்கு மணிநேரம் அங்கே நின்று சமைக்கிறார்; கல்தரையின் கடினம் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் மரத்தரை போட நினைக்கிறீர்கள். கடைக்காரர் ஒருவர் லமினேற் பலகையைக் காட்டி, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவர், தேக்கு தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். எதைப் போடுவது, பழைய தரையின் மேலேயே போடலாமா, அலுமாரிகளுக்கு முன்னா பின்னா என்பவை உங்கள் கேள்விகள்.

போடலாம் என்பதே என் பதில். கொழும்பிலும் மொறட்டுவையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரவேலை செய்துவரும் எனக்கு, உங்கள் அம்மாவின் காரணம் மிகச் சரியான காரணமாகப் படுகிறது. நின்று வேலை செய்பவரின் காலுக்கு மரம் கல்லைவிட இதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவருமே மரத்தின் பெயரையும் மேற்பரப்பையும் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு மரத்தரை நிலைப்பதும் கெடுவதும் ஈரத்தைப் பொறுத்தது. அந்த ஈரம் மூன்று வழிகளில் வருகிறது: வாளியிலிருந்து, காற்றிலிருந்து, தரைக்கு அடியிலிருந்து. இந்த மூன்றுக்கும் விடை கண்ட பிறகுதான் நிறத்தையும் விலையையும் பார்க்க வேண்டும்.

வாளியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் குசினித் தரை துடைக்கப்படுகிறதா, கழுவப்படுகிறதா? நம் வீடுகளில் மீன் வெட்டிய நாளிலும் வெள்ளிக்கிழமையிலும் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்துப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிடுவது பலருக்குக் கைவந்த வழக்கம். அந்த வழக்கத்தை விட முடியாத வீட்டில் எந்த மரத்தையும் போடாதீர்கள். மரம்போலத் தோன்றும் நீளமான போர்சலின் டைல்களைப் பதியுங்கள்; அம்மா நிற்கும் இடத்தில் தடித்த நுரை விரிப்பு ஒன்றைப் போடுங்கள். கொழும்பில் பல வீடுகளில் உள்ளதுபோல மீன் வெட்டுவதற்கும் பெரிய சட்டிகள் கழுவுவதற்கும் பின்பக்கத்தில் வேறொரு சிறு குசினி இருந்தால், ஈரவேலை எல்லாம் அங்கே போய்விடும். முன் குசினிக்கு மரம் தாராளமாகப் பொருந்தும். உங்கள் கடிதத்தில் பின் குசினி ஒன்று இருப்பதாகச் சொல்லியிருப்பதால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

அடுத்தது காற்று. மரம் அறுத்து உலர்த்திய பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். வாங்கும்போது அகலத்தில் பருக்கும், விடும்போது சுருங்கும், நீளத்தில் மட்டும் ஏறக்குறைய மாறாது. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 75 முதல் 85 சதவீதம் வரை நிற்கிறது. சன்னல் திறந்திருக்கும் அறையில் கிடக்கும் மரம் அந்தக் காற்றோடு ஒத்துப்போகும்போது தன் எடையில் ஏறத்தாழ 14 முதல் 16 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். குளிரூட்டி நாள் முழுவதும் ஓடும் அறையில் அது 10 அல்லது 11 சதவீதத்துக்கு இறங்கும். ஐரோப்பாவுக்கென்று தயாராகி நம் ஊருக்கு இறக்குமதியாகும் பலகைகளோ 7, 8 சதவீதத்துக்கு உலர்த்தப்பட்டு, பொலித்தீனில் சுற்றப்பட்டு வருகின்றன. குளிர்நாடுகளில் வெப்பமூட்டி ஓடும் காலத்தில் பலகை சுருங்கி இடைவெளி விழுவதுதான் அவர்களுடைய கவலை. நமக்கு வருவது நேர் எதிரானது, பலகை பருத்து ஒன்றையொன்று நெருக்குவது. அந்த நாடுகளின் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

இதை உங்கள் அறையின் அளவிலேயே கணக்கிட்டுக் காட்டுகிறேன். பலகைகள் 11 அடி அகலத்தை, அதாவது ஏறத்தாழ 3,350 மில்லிமீட்டரை நிரப்புகின்றன என்று வையுங்கள். வளையங்கள் பலகையின் முகத்தில் மலைமலையாகத் தெரியும்படி அறுத்த ஓக் மரம், ஈரம் 1 சதவீதம் கூடும்போது அகலத்தில் ஏறத்தாழ 0.37 சதவீதம் பருக்கும். அதே அறுப்பில் தேக்கு 0.19 சதவீதம்தான் பருக்கும். 8 சதவீதத்தில் வந்த ஓக் பலகை 15 சதவீதத்துக்கு ஏறினால் மொத்த அகலத்தில் ஏறத்தாழ 87 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்கும் மேல், இடம் கேட்கும். அதே நிலையில் தேக்கு ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் கேட்கும். ஆனால் 12 சதவீதத்துக்கு உலர்த்திய தேக்கைப் பதித்தால் அது கேட்பது 19 மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டு சுவரோரத்திலும் 12 மில்லிமீட்டர் இடம் விட்டால் அதற்குள் அடங்கிவிடும். கோடுகள் முகத்தில் நேராக ஓடும்படி அறுத்த தேக்குக்கு இதில் பாதியளவே போதும். உங்கள் உறவினர் தேக்கு என்று சொன்னது வீண்பேச்சல்ல என்பதும், உலர்த்திய அளவைக் கேட்காமல் தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பினால் போதாது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

கணக்கில் தெரிவது வீட்டில் எப்படி இருக்கும் என்பதைத் தெகிவளையில் ஒரு வீட்டில் நேரிலேயே கண்டேன். நான் இத்தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் பதித்த தரை அது. பெப்ரவரியில், காற்று ஓரளவு வறண்டிருந்த நாட்களில், சுவரை ஒட்டி இடைவெளியே விடாமல் நெருக்கமாகப் பதித்திருந்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. ஒக்டோபர் மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் வீட்டுக்காரர் அழைத்தார். அறையின் நடுவில் தரை ஒரு கைமுட்டி உயரத்துக்கு எழும்பி நின்றது. மேலே கால் வைத்தால் படகுபோல அமிழ்ந்து எழும்பியது. சுவரோரப் பலகையை நீளவாட்டில் அறுத்து நெரிசலை விடுவிக்க முயன்றபோது, இரண்டு அடி போவதற்குள் வாள் அறுப்புக்குள் இறுகி நின்றுவிட்டது, அவ்வளவு நெருக்கு. ஆப்பு அடித்து, வேறொரு வாளால் பக்கத்தில் இன்னொரு கோடு அறுத்துப் பட்டையை உருவி எடுத்தவுடன் தரை சத்தமிட்டபடி மெல்ல இறங்கியது. மரத்தில் குற்றமே இல்லை. விட வேண்டிய இடத்தை நாங்கள் விடவில்லை. அதன்பிறகு ஈரப்பத மானி இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

மூன்றாவது, தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம். உங்களுடையதுபோன்ற பழைய வீடுகளில் கொங்கிறீட்டுக்குக் கீழே பொலித்தீன் தடுப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ற் கொப்பளித்திருந்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, நிலத்தடி ஈரம் ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு தெளிவான, தடித்த பொலித்தீன் துண்டை வெட்டி, தரையை நன்றாகத் துடைத்து உலரவிட்டபின், நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி அகலமான ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணிநேரம், என் கணக்குக்கு இரண்டு இரவு, அப்படியே விடுங்கள். பிறகு உரித்துப் பாருங்கள்: பொலித்தீனின் உட்புறத்தில் பொட்டுப்பொட்டாக நீர் கோத்திருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் நீர் பட்டிருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். கழுவு தொட்டி அருகில் ஒன்று, வெளிச்சுவர் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று இடங்களில் செய்யுங்கள். நல்ல மழைநாட்களுக்குப் பிறகு செய்தால் இன்னும் நம்பத்தக்க விடை கிடைக்கும்.

ஈரம் தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. மொசைக்கின் மேலுள்ள மெருகையும் பழைய மெழுகையும் வைரத்தட்டு இயந்திரத்தால் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரம் தடுக்கும் எப்பொக்சியை இரண்டு பூச்சாக, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்குவாட்டில், பூசச் சொல்லுங்கள். மெருகைச் சுரண்டாமல் பூசிய எப்பொக்சி அப்பளம்போல உரிந்து வந்துவிடும். சுவரிலும் உப்புப் பூத்திருந்தால் முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். வெளியே மண் மட்டம் உயர்ந்திருக்கலாம், கூரைப் பீலி சுவரில் ஒழுகலாம். அதைச் சீர்செய்யாமல் மரத்தரைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் வீண்.

பழைய தரையின் மேலேயே போடலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். போடலாம், மொசைக் நல்ல அடித்தளம். ஒரு நாணயத்தால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். வெறுமையாக ஒலிக்கும் இடங்களில் மட்டும் உடைத்துச் சீமெந்தால் நிரப்ப வேண்டும். 2 மீட்டர் நீளமான மட்டக்கோலை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கடைக்காரர் காட்டிய லமினேற் என்பது, மரத்தூளை அழுத்திச் செய்த அடர்ந்த பலகையின் மேல் மரத்தின் அச்சுப் படத்தை ஒட்டி, அதன்மேல் கடினமான தெளிந்த படலம் போட்ட ஒன்று. மேற்படலம் உண்மையிலேயே உறுதியானது. கீறலைத் தாங்குவதில் தேக்கைவிடச் சிறந்தது. தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எத்தனை மணிநேரம் என்றும் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த வாக்குறுதி மேலே சிந்தி நிற்கும் நீருக்கு உரியது. குளிர்சாதனப் பெட்டியின் அடியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு வாரம் கசியும் நீருக்கும் கீழிருந்து ஏறும் ஈரத்துக்கும் அது பொருந்தாது. உள்ளேயுள்ள தூள்பலகை ஒருமுறை ஊறிப் பொருத்துகளில் உதடுபோலத் தடித்துவிட்டால் உலர்ந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது. தேய்த்துச் சீராக்கவும் முடியாது. தரைத்தளக் குசினிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகை தண்ணீரில் ஊறாது. வாடகை வீட்டுக்கு அது நல்ல தெரிவு. ஆனால் காலுக்கு மரத்தின் இதம் அதில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியதே அந்த இதம்தான்.

முழுமரப் பலகையில், தேக்கு எல்லா வகையிலும் முன்னிற்கிறது. குறைவாகப் பருக்கிறது, தன்னெண்ணெய் உள்ளது, வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. வெளிறிய வெள்ளைப் பகுதியில் இந்தக் காப்பு கிடையாது. பலகைகளை வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் வெள்ளை உள்ளதை ஒதுக்குங்கள். முதிரை தேக்கைவிட மிகக் கனமும் கடினமும் உள்ள அருமையான மரம், ஆனால் இன்று நல்ல முதிரை கிடைப்பது அரிது. பழைய வீடு இடிக்கும்போது வரும் பலகைகளை மறுபடியும் சீவி எடுத்தால் உண்டு. பலா கதவு நிலைக்கும் தளபாடத்துக்கும் நமக்குப் பழகிய மரம். அதன் மஞ்சள் நிறம் காலப்போக்கில் தேன்நிறமாக முதிர்வது எனக்கு மிகப் பிடிக்கும். ஆயினும் ஈரமான இடத்தில் இரும்பு ஆணி பட்டால் மரத்தில் கறுப்புக் கறை பரவும். மகோகனி குசினித் தரைக்குப் போதிய கடினம் இல்லாதது. இறப்பர் மரத்தை ஈரத்துக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். பூஞ்சணமும் துளைப்புழுவும் அதை விரைவில் பிடிக்கும். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் மெர்பாவ் உறுதியானது, குறைவாகப் பருப்பது. நனைந்தால் சிவந்த சாயம் கசியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்படியிருந்தும் உங்கள் குசினிக்கு நான் முழுமரத்தைச் சொல்லப்போவதில்லை. பக்கத்து அறையில் இரவில் குளிரூட்டி ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது, பகலில் கடற்காற்று வருகிறது. ஒவ்வொரு நாளும் ஈரம் ஏறி இறங்கும் இடத்தில், அடியில் பிளைவுட் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டு, மேலே அசல் தேக்குப் படை உள்ள எஞ்சினியர்ட் பலகையே நிம்மதி தரும். ஓர் அடுக்கு பருக்க முயலும்போது அதற்குக் குறுக்கே ஒட்டிய அடுக்கு அதைப் பிடித்து நிறுத்துகிறது; அதனால் அசைவு முழுமரத்தைவிடப் பலமடங்கு குறைகிறது. காலில் படுவது உண்மையான தேக்குதான். வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். மொத்தத் தடிப்பு 14 அல்லது 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேல்படை 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்போதுதான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒருமுறையாவது தேய்த்துப் புதுப்பிக்கலாம், கடதாசித் தடிப்பில் மேல்படை உள்ளதைத் தேய்க்கவே முடியாது. மூன்றாவது, அடியிலுள்ள பிளைவுட் கொதிநீர் தாங்கும் பசையால் ஒட்டப்பட்டதா என்பது. கடைக்காரர் தயங்கினால் ஒரு துண்டு மாதிரியை வாங்கி வந்து, கொதிநீரில் ஒரு மணிநேரம் போட்டு எடுத்துப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். இப்படிச் சோதிப்பதை நல்ல வியாபாரி தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் அறை 143 சதுர அடி. வெட்டில் வீணாவதற்கும் பிற்காலத்தில் பழுதுபட்ட பலகையை மாற்றுவதற்கும் சேர்த்து 10 சதவீதம் கூடுதலாக, 157 சதுர அடி வாங்குங்கள்; மீதமானதைப் பரணில் படுக்கவைத்துப் பத்திரப்படுத்துங்கள். அதே நிறமும், ஒன்றோடொன்று கொளுவும் அதே காடியும் உள்ள பலகை ஐந்தாண்டுக்குப் பிறகு கடையில் கிடைக்காது.

எங்கே மரம், எங்கே கல் என்பதிலும் ஓர் ஆலோசனை. கழுவு தொட்டிக்கு முன்னால் இரண்டடி அகலத்துக்கு டைல் பதித்து, அதற்கு அப்பால் மரத்தைத் தொடங்குவது எனக்கு மிகவும் நிறைவளிக்கும் முறை. குசினியில் சிந்தும் நீரில் பெரும்பகுதி அந்த இரண்டடிக்குள்ளேயே விழுகிறது. டைலும் மரமும் சந்திக்கும் கோட்டில் பித்தளை அல்லது அலுமினியப் பட்டை ஒன்றை மட்டம் சரியாக இருக்கும்படி வைக்க வேண்டும். அம்மாவின் விரல் தடுக்கும்படி ஒரு மில்லிமீட்டர்கூட உயர்ந்திருக்கக் கூடாது. அவர் காய் நறுக்கவும் அடுப்பில் கிளறவும் நிற்கும் இடம் முழுவதும் மரமாகவே அமையும். தொட்டிக்கு முன்னாலும் மரம்தான் வேண்டும் என்றால் முடியும். ஆனால் அந்தப் பகுதியின் பொருத்துகள் ஒவ்வொன்றிலும் பதிக்கும்போதே ஒட்டுப்பசை இட வேண்டும்.

அலுமாரிகளைப் பற்றிய கேள்விக்கு விடை, பதிக்கும் முறையைப் பொறுத்தது. பலகைகளைத் தரையோடு ஒட்டாமல், ஒன்றோடொன்று மட்டும் கொளுவி மிதக்கவிடும் முறையில், கருங்கல் மேற்பலகை ஏற்றிய கனமான அலுமாரியை மேலே வைத்தால் தரை அசைய முடியாமல் அந்த இடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்று, மறுபக்கத்தில் பிளக்கும் அல்லது எழும்பும். ஆகவே மிதக்கும் தரை என்றால் அலுமாரி முதலில், தரை பிறகு. அலுமாரிக் கால்களுக்கு இரண்டு அங்குலம் உள்ளே வரை பலகையைக் கொண்டுபோய், முன்மறைப்புப் பலகையை அதன்மேல் நிறுத்தலாம். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது முழுவதும் ஒட்டிப் பதிக்கும் முறை. அதில் தண்ணீர் பலகையின் அடியில் ஓடிப் பரவ இடமில்லை, நடக்கும்போது கொட்டுக்கொட்டென்ற ஒலி வராது. இங்கும் அலுமாரியை முதலில் பொருத்துவதே செலவைக் குறைக்கும். ஆனால் புதுத்தரை 15 மில்லிமீட்டர் உயரும் என்பதைக் கணக்கிட்டு அலுமாரியின் உயரத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இதை மறந்து, மேற்பலகைக்கு அடியில் இருந்த பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பிறகு ஒருபோதும் வெளியே இழுக்க முடியாமற்போன வீடு எனக்குத் தெரியும்.

பதிப்பு வேலைக்கு வரும்போது, சுவர்ப் பூச்சு, பெயின்ற், குழாய் வேலை எல்லாம் முடிந்து அறை உலர்ந்திருக்க வேண்டும். பலகைப் பெட்டிகளைக் குசினியிலேயே, தரையிலிருந்து சட்டங்களின் மேல் உயர்த்தி வைத்து, நீங்கள் வழக்கமாக வாழும் முறையில் சன்னலைத் திறந்து மூடி, எஞ்சினியர்ட் பலகைக்கு மூன்று நாளும் முழுமரத்துக்கு இரண்டு வாரமும் பழகவிடுங்கள். கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பதித்தால் ஓர இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும், ஏனெனில் மரம் அப்போது மெலிந்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் பதித்தால் அது ஏற்கெனவே பருத்திருக்கும்.

சுவரை நம்பி முதல் வரிசையைத் தொடங்கக் கூடாது. பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேர்கோட்டில் இருப்பதில்லை. அறையின் நீளவாட்டில் நூல் பிடித்து, அந்த நூலை ஒட்டியே முதல் வரிசை போக வேண்டும். எதிர்ச்சுவரில் கடைசிப் பட்டை இரண்டு அங்குலத்துக்கும் மெலிந்து வருமானால், முதல் வரிசையின் அகலத்தைக் குறைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். பலகைகளின் முனைப்பொருத்துகள் அடுத்தடுத்த வரிசைகளில் குறைந்தது ஓர் அடி தள்ளி இருக்கட்டும். ஒட்டுவதற்கு, உலர்ந்த பின்னும் ரப்பர்போல நெகிழும் பொலியூரித்தேன் பசையைப் பல்வெட்டுள்ள தகட்டால் பரப்ப வேண்டும். வெள்ளை மரப்பசை இதற்குக் கூடாது. தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. எனவே முழுமரத் தேக்கு என்றால் அடிப்பக்கத்தைத் தின்னர் தோய்ந்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்ட வேண்டும்.

குழாய் வரும் இடத்தில் குழாயைவிட 20 மில்லிமீட்டர் பெரிய துளை இட்டு, சுற்றிலும் சிலிக்கனால் அடையுங்கள். சுவரோர இடைவெளியைச் சீமெந்தாலோ மரத்தூளும் பசையும் குழைத்தோ நிரப்பிவிடுவது இங்குள்ள வேலையாட்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். அந்த வெற்றிடம்தான் மழைக்காலத்தில் தரையைக் காப்பாற்றுகிறது. சுவரின் அடியோரமாக ஓடும் ஸ்கேர்ட்டிங் பலகை அதை மேலே மறைக்கும். அந்தப் பலகையைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. கடலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் ஆணி, திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கிலேயே இருக்கட்டும். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் கேட்டால் எந்த அளவிலும் கிடைக்கும்.

மேல்பூச்சில் இரண்டு வழி உண்டு. பொலியூரித்தேன் பூச்சு கண்ணாடிபோல ஒரு படலமாக நின்று நீரையும் மஞ்சளையும் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் ஓரிடத்தில் கீறல் ஆழமாக விழுந்து நீர் உள்ளே போனால், அந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது, அறை முழுவதும் தேய்க்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சு மரத்துக்குள்ளே ஊறி நிற்பது. மஞ்சள் கறை அதில் சற்று எளிதில் ஏறும். ஆனால் கெட்ட இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் கைத்துணியால் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நாள்தோறும் சமைக்கும் வீட்டுக்கு இரண்டாவதே என் தெரிவு. ஆண்டுக்கு ஒருமுறை அடுப்புப் பக்கத்தில் ஒரு பூச்சுக் கொடுத்தால் போதும். எதுவானாலும் பளபளப்பு வேண்டாம், மங்கலான பூச்சையே கேளுங்கள். ஈரக்காலில் வழுக்குவதும் கீறல் தெரிவதும் குறையும். தளபாடத்துக்குப் பூசும் பிரெஞ்சு பொலிஷைத் தரைக்குப் பூச எவரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு சொட்டு நீர் நின்றாலே அதில் வெள்ளை வளையம் விழும்.

பலகை பதிப்பதற்கு முன்பே கறையானுக்குரிய மருந்தைச் சுவரோர வெடிப்புகளிலும் பின்வாசற்படி அருகிலும் அடித்துவிட வேண்டும். பிளைவுட்டைக் கறையான் தின்னும்; மேலே தேக்கு இருக்கிறது என்பதால் கீழே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

அன்றாடப் பராமரிப்பில், நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பது ஒன்றுதான் விதி. மஞ்சளோ குழம்போ சிந்தினால் அப்போதே ஒற்றி எடுத்துவிட்டால் கறை நிற்காது. ரப்பர் அடியுள்ள விரிப்பைத் தொட்டிக்கு முன்னால் மரத்தில் போடாதீர்கள். அதன் அடியில் ஈரம் தேங்கி மரம் கறுக்கும், பருத்தி விரிப்பே நல்லது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரை மாற்றும்போது அதன் இரும்பு வளையத்தைத் தரையில் உருட்டினால் நிலாப்பிறை வடிவில் பள்ளம் விழும். வாசலிலிருந்து அடுப்புவரை ஒரு பழைய பிளைவுட் துண்டை விரித்து அதன்மேல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அம்மா இன்னமும் துருவலையில் அமர்ந்துதான் தேங்காய் துருவுவார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் அமரும் மூலையில், சன்னல் வெளிச்சம் வரும் பக்கமாக, துருவலையின் கால்களுக்கு அடியில் ஒட்டும் தடித்த கம்பளித் துண்டுகளை வைத்து, மூன்றடிச் சதுரப் பன்பாய் ஒன்றை விரித்துக் கொடுங்கள். பாயை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் போடுங்கள். புதுத் தேக்கு வெளிச்சம் பட்டுத்தான் நிறம் முதிரும். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு வேலை முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மூன்றடி மட்டும் வேறு நிறமாக நிற்கும்.